அப்டேட் ஏன் சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் வருகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் அக்காவும் தம்பியுமாக இருவர் எங்கள் கடைக்கு வந்திருந்தார்கள். இருவர் கையிலும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் ஃபோன்; ஒரே வாரத்தில் வாங்கியவை. தம்பியின் ஃபோனில் புதிய ஆண்ட்ராய்டு இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்காவின் ஃபோனோ, எத்தனை முறை தேடினாலும் புதிய அப்டேட் எதுவும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று அவர் முடிவே செய்துவிட்டார். கோளாறு ஒன்றும் இல்லை. அவருடையது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒப்பந்தத் திட்டத்தில் வாங்கிய ஃபோன். தம்பியுடையது எந்த நிறுவனத்தோடும் பிணைக்கப்படாதது. இதே கேள்வியோடு பலரும் வருவதால், கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கூகுள் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பை வெளியிட்டாலும், அதன் சொந்தத் தயாரிப்பான பிக்சல் தவிர வேறு ஃபோன்களுக்கு அது நேராக வந்து சேர்வதில்லை. முதலில் குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள், தங்கள் சிப்போடு அந்தப் பதிப்பு இணங்கி இயங்குவதற்கான மென்பொருளைத் தயாரித்துத் தர வேண்டும். அதன் பிறகே ஃபோன் தயாரிப்பாளரின் வேலை தொடங்குகிறது: கேமரா, திரை, கைரேகை உணரி ஆகிய ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து, சாம்சங்கின் ஒன் யூஐ போலத் தங்களுக்கே உரிய தோற்றத்தையும் வசதிகளையும் அதன்மேல் சேர்த்து, மாடலுக்கு ஒன்றாகவும் விற்பனைப் பகுதிக்கு ஒன்றாகவும் தனித்தனிக் கோப்புகளை அவர்கள் உருவாக்குகிறார்கள். ஆகவே பெயரளவில் ஒரே மாடலாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மென்பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியாக விற்ற ஃபோன் என்றால், இன்னும் ஒரு கட்டம் உண்டு. புதிய மென்பொருளில் 4ஜி வழியாகப் பேச்சு தடையில்லாமல் போகிறதா, அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு சேர்கிறதா, ரோமிங் செயல்படுகிறதா, ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அழைப்பு அறுந்துபோகிறதா என்றெல்லாம் அந்த நிறுவனம் தன் நெட்வொர்க்கில் சோதித்துப் பார்க்கும். ஒரு குறை தென்பட்டால், கோப்பு தயாரிப்பாளரிடமே திரும்பும்; திருத்தப்பட்டு வந்ததும் சோதனை மீண்டும் தொடங்கும். அக்காவின் மூன்று வாரம் கழிந்தது இந்தக் கட்டத்தில்தான். இந்தச் சோதனையை வீண் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்டேட் போட்ட மறுநாள் அவசர அழைப்பு போகாத ஃபோனை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் இதே வரிசையில் வாரக்கணக்கில் காத்துக் கிடப்பதும், எப்போது வரும் என்று வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருப்பதும் சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

ஐஃபோனின் கதை வேறு. ஃபோனையும் மென்பொருளையும் ஆப்பிள் ஒன்றே தயாரிப்பதாலும், வெளியிடும் நாளை அதுவே முடிவு செய்வதாலும், அந்த அப்டேட்டைப் பெறத் தகுதியுள்ள எல்லா மாடல்களுக்கும் அது ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. தொலைத்தொடர்பு நிறுவனம் சார்ந்த அமைப்புகள் மட்டும் ஒரு சிறு கோப்பாகத் தனியே வரும்.

அனுமதி எல்லாம் கிடைத்த பிறகும் ஆண்ட்ராய்டு அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடும் வழக்கம் பொதுவாக இல்லை. முதலில் சிறு பங்கு ஃபோன்களுக்கு மட்டும் அனுப்பி, பேட்டரி விரைவாகத் தீர்கிறதா, ஃபோன் தானாக அணைகிறதா என்று கவனித்துவிட்டு, படிப்படியாகப் பங்கைக் கூட்டுவார்கள். பக்கத்து வீட்டில் வந்த அப்டேட் உங்களுக்கு ஒரு வாரம் கழித்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க கூகுளும் முயலாமல் இல்லை. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இல், சிப் சார்ந்த மென்பொருளையும் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்ற அது வழி செய்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, இயங்குதளத்தின் சில பகுதிகளைத் தயாரிப்பாளரின் முழு அப்டேட்டுக்குக் காத்திராமல் கூகுள் ப்ளே வழியாகவே திருத்தும் ஏற்பாடும் சேர்ந்தது. செட்டிங்ஸில் 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று தனியே ஒரு தேதி தெரிவது இதனால்தான்.

தேதி என்று சொன்னோம் அல்லவா, உங்களிடம் நாங்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்வதும் அதைப் பற்றியே. கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டின் எண்ணைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது பாதுகாப்பு அப்டேட்டின் தேதியை. மல்டிமீடியா குறுஞ்செய்தி ஒன்றின் மூலமாகவே ஃபோனுக்குள் புக வழிவிட்ட 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை 2015இல் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டு வருகிறது. செட்டிங்ஸில் ஃபோனைப் பற்றிய பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், உங்கள் ஃபோன் எந்த நாள் வரைக்குமான திருத்தங்களைப் பெற்றிருக்கிறது என்று தெரியும். மாதத்தின் 1ஆம் தேதி என்று இருந்தால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிக்கான திருத்தங்கள் வந்துவிட்டன. 5ஆம் தேதி என்று இருந்தால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கும் சிப் சார்ந்த பகுதிகளுக்கும் உரியவையும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அக்காவின் ஃபோனில் எண் பழையது. ஆனால் பாதுகாப்புத் தேதி முந்தைய மாதத்தினுடையது. கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். எண் புதிதாக இருந்து தேதி ஓராண்டு பின்தங்கிய ஃபோனைக் கண்டால்தான் எங்களுக்குக் கவலை.

காத்திருக்கப் பொறுக்காமல், யாரோ பகிர்ந்த கோப்பை இறக்கித் தாங்களாகவே ஏற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. வேறு பகுதிக்கான கோப்பாக இருந்தால் நெட்வொர்க் கிடைக்காமல் போகலாம். ஃபோனை இயக்கித் தொடங்கி வைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்துவிட்டால் வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கலாம். பல ஃபோன்களில் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி இருக்காது. அப்படிப்பட்ட ஃபோனை மீட்கும்போது, வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்காத படங்கள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. அதை வாடிக்கையாளரிடம் சொல்வது எங்களுக்கு மிகவும் வருத்தமான வேலை. தயவுசெய்து அப்படிக் கோப்பைத் தாங்களாகவே ஏற்றாதீர்கள்.

புதிய ஃபோன் வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் உண்டு என்று எங்களிடம் கட்டாயம் கேளுங்கள். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுகள் என்று அறிவித்தன. இந்த ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. இரண்டு ஆண்டு பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவர், அந்த இரண்டு ஆண்டுகளையும் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும். இதை விற்கும் முன்பே சொல்வது எங்கள் கடமை. யாரேனும் சொல்ல மறந்தால் உரிமையோடு கேளுங்கள்.

உங்கள் ஃபோனின் பாதுகாப்புத் தேதியைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
விற்பனை மற்றும் பழுதுநீக்கப் பிரிவினர்