பழுதாகட்டும், பாகம் எங்கே? இனியோஸ் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இனியோஸ் ஆட்டோமோட்டிவ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ளவர்கள் எழுதும் மடல் இது. உங்கள் கிரெனடியர் வண்டியை வாங்கலாமா, டொயோட்டாவின் லேண்ட் குரூசர் 70-உடனேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கும் தமிழர்களும் படிக்கட்டும் என்பதால் தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கிறோம்.

2024 செப்டம்பரில் பிரான்சில் உள்ள உங்கள் ஹம்பாக் ஆலை நின்றது. இருக்கை செய்துகொடுத்த ரெகாரோ நொடித்துப்போனது. அதற்கு மாற்று ஏற்பாடு கைவசம் இல்லை. 2025 ஜனவரியில்தான் மறுபடி வண்டிகள் வெளிவந்தன. இருக்கை இல்லாத வண்டியை விற்க முடியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு சப்ளையர் விழுந்ததும் ஆலையே மாதக்கணக்கில் நிற்கும் என்றால், ஏற்கெனவே விற்றுப் பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஒரு ஸ்பேர் வேண்டும்போது என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு உங்களிடமிருந்து தெளிவான பதிலை எதிர்பார்க்கிறோம்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். எந்த உதிரிபாகம், எந்தக் கிடங்கில், எத்தனை இருக்கிறது, கேட்டால் எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற பட்டியலைப் பொதுவில் வெளியிடுங்கள். மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

வண்டியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஏணி வடிவச் சட்டம், முன்னும் பின்னும் கர்ராரோவின் முழு ஆக்சில், ஐபாக் சுருள்வில், பிரெம்போ பிரேக், பிஎம்டபிள்யூவின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், இசட்எஃப் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இந்தக் கூட்டணியில் ஒன்றுகூடச் சோடை போன பெயர் இல்லை. இந்தியாவில் டிராக்டர் பழுதுபார்ப்பவருக்குக்கூட கர்ராரோ ஆக்சில் எப்படிப்பட்டது என்று தெரியும். 2016 ஜனவரியில் லேண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டர் உற்பத்தி நின்றபோது காலியான இடத்துக்கு இவ்வளவு நேர்மையாக ஒரு வண்டியை வேறு யாரும் செய்யவில்லை. அந்த மரியாதை இருப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

விற்பனைக்கு முன் 18 லட்சம் கிலோமீட்டர் சோதனை ஓட்டம் என்று சொன்னீர்கள். பெரிய எண்தான். ஆனால் அது பல மாதிரி வண்டிகள் பங்கிட்டு ஓடிய தூரம். வார்ப்பில் குறை, தளர்ந்த போல்ட், தவறாகப் போன ஒயர் எல்லாம் அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும். எட்டு ஆண்டு வெயிலில் ரப்பர் என்ன ஆகும், வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண்பாதையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் அதிர்ந்த கனெக்டரின் பின் எப்படித் தேயும், செம்மண் தூசி புகுந்த பேரிங் எத்தனை கோடை தாங்கும் என்பதெல்லாம் அதில் தெரியாது. காலம்தான் காட்டும். டொயோட்டா 70 வரிசை 1984-இல் வந்தது. உங்கள் தொடர் உற்பத்தி 2022 அக்டோபரில் தொடங்கியது. இந்த இடைவெளியை எந்தப் பொறியியலாலும் நிரப்ப முடியாது. அது உங்கள் குற்றமும் இல்லை. பாகம் தயாராக இருந்தால் அந்த இடைவெளி உறுத்தாது.

இப்போது ஒரு சிறு ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கத்து ஜாயின்டை மூடியிருக்கும் பூட், அதாவது மடிப்புள்ள ரப்பர் உறை. கிரெனடியரில் கிழிகிறது என்று அடிக்கடி பேசப்படும் பொருள் இது. குறிப்பாக சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டிகளில்.

வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஷாஃப்டின் சாய்வு கூடும். பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் இழுபட்டு, எதிர்ப்பக்கம் ஒன்றோடொன்று உரசும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இந்த இழுப்பும் உரசலும் நடக்கும். கிரெனடியர் எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் வண்டி. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் முன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். 70 வரிசையில் முன் சக்கர ஹப்பை விடுவித்து, இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் முன் ஷாஃப்ட் சும்மா கிடக்கும். தவிர, அங்கே இருப்பது கிரீஸ் நிப்பிள் வைத்த கிராஸ் ஜாயின்ட், பூட் கிடையாது. வாரம் ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியால் நாலு அழுத்து அழுத்தினால் பழைய கிரீஸோடு தூசியும் வெளியே வந்துவிடும்.

பூட் கிழிந்தால் முதலில் சத்தம் வராது. ஷாஃப்டுக்கு நேர் மேலே தரைத்தகட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடியிலும் கிரீஸ் வளையமாகத் தெறித்திருக்கும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் ஜாயின்டைக் கழற்றி, கழுவி, மாலிப்டினம் கிரீஸ் நிரப்பி, புது பூட்டும் இரண்டு கிளாம்ப்பும் போட்டால் வேலை முடிந்தது. தெரியாமல் ஓட்டினால் தூசி உள்ளே போய் குண்டுகளும் காடிகளும் தேய்ந்து, முதலில் அதிர்வு, பிறகு தட்டல். அதற்குப் பிறகு முழு ஷாஃப்டையே மாற்ற வேண்டும். சாதாரண ரப்பர் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

பணிமனைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியை அடிச்சட்டத்தில் தாங்கி லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் கியர் போட்டு ஓடவிடாதீர்கள். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போதுதான் ஜாயின்டின் கோணம் உச்சத்தில் இருக்கும். பூட் அங்கேயே கிழியத் தொடங்கும்.

வழியில் ஜாயின்ட் போய்விட்டால் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பகிரும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டி, பின் ஆக்சிலை மட்டும் நம்பி மெதுவாக வந்துசேரலாம். பூட்டாவிட்டால் தாங்க ஆளில்லாத முன்பக்கமே சுழலும், வண்டி நகராது. இயந்திரக் கணக்குப்படி இது சரி. ஆனால் எத்தனை கிலோமீட்டர் வரை, என்ன வேகத்தில், எந்த எச்சரிக்கை விளக்கைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நீங்கள்தான் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை பாலைவனத்தினூடே போகும் கானிங் பாதை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். அதன் நடுவில் ஒருவர் ஊகத்தில் ஓட்டக் கூடாது.

அந்த ரப்பர் பூட்டைத் தனியாக, கிளாம்ப்போடும் கிரீஸ் பொட்டலத்தோடும் சேர்த்து ஒரு பாக எண்ணில் விற்பனைக்கு வையுங்கள். அது எந்தக் கிடங்கில் எத்தனை இருக்கிறது என்று பட்டியலில் போடுங்கள். பெர்த்தில் பத்து இருக்கிறது என்று தெரிந்தால் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பணிமனைக்காரர் நிம்மதியாக வேலையை ஏற்பார். ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே இரண்டு வாங்கி வைப்பார். எந்தப் பதிலானாலும் சமாளிப்போம். பதிலே தெரியாமல் இருப்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை.

டொயோட்டா பழுதே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுடைய 4.5 லிட்டர் வி8 70 வரிசையில் ஏர் கிளீனர் பெட்டி சரியாகப் பொருந்தாமல் தூசி எஞ்சினுக்குள் போன கதை ஊரறிந்தது. ஆல்டர்னேட்டரைத் தாழ்வாக வைத்ததால் சேற்றுநீரில் அது போய்விடும். அந்த வி8-க்காக முன்பக்கத்தை அகலப்படுத்தியவர்கள் பின்பக்கத்தை அப்படியே விட்டதில், பின் சக்கர இடைவெளி முன்னதைவிட 95 மில்லிமீட்டர் குறைந்து, மணலில் பின் சக்கரம் தனித் தடம் போட்டது. ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சுனர் டீசல்களின் புகைவடிகட்டி வழக்கில் 2022-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றமே அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே சிக்கிய 2.8 லிட்டர் எஞ்சினின் குடும்பம்தான் இன்று 70 வரிசையிலும் இருக்கிறது.

அப்படியிருந்தும் சுரங்கக்காரரும் மாட்டுப்பண்ணைக்காரரும் அதையே வாங்குகிறார்கள். எது போகும், எத்தனை கிலோமீட்டரில் போகும், போனால் என்ன செய்வது என்பது எல்லா மெக்கானிக்குக்கும் மனப்பாடம். பாகம் அடுத்த ஊரில் இருக்கும். இல்லையென்றால் ஒதுங்கிக் கிடக்கும் பழைய வண்டியில் இருக்கும். நாற்பது ஆண்டுப் பழுதுகளும் தீர்வுகளும் சேர்ந்ததைத்தான் மக்கள் நம்பகம் என்று சொல்கிறார்கள். கிரெனடியருக்கு ஒதுங்கிய வண்டிகளும் இன்னும் சேரவில்லை, மனப்பாடமும் ஆகவில்லை. பட்டியலைக் கேட்பது அதனால்தான்.

எஞ்சின் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: பிஎம்டபிள்யூ எஞ்சின்தானே, பிஎம்டபிள்யூ கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று. இரும்பு ஒன்றாக இருக்கலாம். அதைச் சுற்றிய மென்பொருள், ஒயரிங், குளிர்விப்பு ஏற்பாடு, வாரண்டி எல்லாம் வேறு. எந்தெந்தப் பாகம் பிஎம்டபிள்யூவின் எண்ணோடு ஒத்துப்போகிறது, எது உங்களுக்கே உரியது என்ற ஒப்பீட்டு அட்டவணையையும் பட்டியலோடு தாருங்கள். இசட்எஃப், கர்ராரோ, பிரெம்போ எண்களையும் சேர்த்தே. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், சென்சார், பிரேக் பேட் போன்றவற்றை அந்த எண் தெரிந்தால் நகரத்தில் அன்றைக்கே வாங்கிவிடலாம்.

கியர்பாக்ஸிலும் இதே கதைதான். இந்த வகை எட்டு கியர் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்வது அதைச் செய்த இசட்எஃப் நிறுவனமே. ஆயுளுக்கும் மாற்றவேண்டாம் என்று சொல்லி விற்கும் கார் நிறுவனங்கள் உண்டு. மூன்றரை டன் இழுத்துக்கொண்டு 45 டிகிரி வெயிலில் மணல் ஏறும் வண்டிக்கு அந்த ஆயுள் எவ்வளவு? ஃபில்டர் எண்ணெய்த் தொட்டியோடு சேர்ந்தே வரும் வகையென்றால் தொட்டியையே மாற்ற வேண்டும். எண்ணெய் அளவை எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனரில் வெப்பநிலை தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: பாகமும் தகவலும்.

இது உங்கள் ஒருவரோடு நிற்கும் குறையும் அல்ல. வண்டி செய்யும் தொழிலே பழுதுபார்ப்பவனிடமிருந்து விலகிப்போகிறது. பழுதுபார்க்கும் தகவலைத் தனிக் கடைகளுக்கும் நியாயவிலையில் தர வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் வந்தும், கதவு உள்ளே இருந்து தாழிட்டதுபோலத்தான் பல நிறுவனங்கள் நடந்துகொள்கின்றன. ஒரு விளக்கு எரிந்தால் அதை அணைக்க ஆயிரம் கிலோமீட்டர் கட்டியிழுத்து வரச் சொல்கிறார்கள். வண்டியை வாங்கியவனுக்கு அதன் பழுதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையென்றால் அவன் வாங்கியது எதை? கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நேர்மையாக நடந்துகொண்டதும் உண்டு. கதவுப் பொத்தானில் உயவு போதாமல் கதவு சரியாகப் பூட்டாது போகலாம் என்று 2025-இல் அமெரிக்காவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தீர்கள். பாதுகாப்புக் குறையை வெளியே சொல்லச் சட்டம் வற்புறுத்துகிறது. வற்புறுத்தாத குறைகளையும் அதே போல் வெளியே சொல்லுங்கள் என்றுதான் வேண்டுகிறோம். ஐந்து ஆண்டு வாரண்டி தருகிறீர்கள். முதலில் விற்ற வண்டிகளுக்கு அது 2028 வாக்கில் முடியத் தொடங்கும். அதற்குப் பிறகு அவை வருவது எங்களைப் போன்றவர்களின் கடைக்குத்தான். எங்களைத் தயார் செய்ய உங்களுக்கு அதிக காலம் இல்லை.

எனவே, தயவுசெய்து அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். பாக எண், தயாரித்தவரின் எண், கிடங்கு, இருப்பு, வந்துசேரும் நாள், விலை. இந்த ஆறு பத்தி போதும். எல்லாப் பாகத்துக்கும் ஒரே நாளில் முடியாதென்றால், வண்டியை வழியில் நிறுத்திவிடக்கூடிய ஐம்பது பாகங்களோடு தொடங்குங்கள். முதல் வரியில் அந்த ரப்பர் பூட்டைப் போடுங்கள்.

வணக்கத்துடன்,
தொலைவழி வண்டிகளைப் பழுதுபார்ப்போர் சிலர்,
ஆஸ்திரேலியா