அன்று அழைத்தது நான்தான்

அன்புள்ள குட்டிம்மா,

நேற்று இரவு நீ பேசி முடித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு பெண்ணின் போனை வாங்கி அலுவலகத்துக்கு அனுப்பியதாகவும், அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுததாகவும் சொன்னாய். "நான் செய்தது சரியா அம்மா?" என்று கேட்டாய். சரிதான், மாணவர்கள் பள்ளியில் போனைத் தொடக்கூடாது என்ற டெக்சஸின் புதிய சட்டம் அதைத்தான் சொல்கிறது என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், எட்டு ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று நெஞ்சை அழுத்தியது. நேரில் சொல்லத் தொடங்கினால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

2017 ஏப்ரல் மாதம். நீ எட்டாம் வகுப்பு. காலையில் அவசர அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓடினாய். எலுமிச்சைச் சாத டப்பா சமையல் மேடையிலேயே இருந்தது. பிள்ளை பட்டினி கிடப்பாளே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து மணி வாக்கில் உன்னைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். டப்பாவைக் கொண்டுவந்து பள்ளி அலுவலகத்தில் வைக்கட்டுமா என்று கேட்கத்தான். நேராக அலுவலகத்துக்கே போய் வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

மாலையில் துணை முதல்வர் என்னை அழைத்து, கணித வகுப்பில் உன் போன் தொடர்ந்து ஒலித்தது, ஆசிரியர் வாங்கிவிட்டார், இது இரண்டாவது முறை, நாளை ஒரு நாள் ஐஎஸ்எஸ் என்றார். பள்ளிக்குள்ளேயே தனி அறையில் நாள் முழுவதும் உட்காரவைக்கும் தண்டனை என்று விளக்கினார். அவர் முன்னால் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதில் உன் பெயரைக் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தார்கள், ஓர் எழுத்துப் பிழையோடு. போனைத் திருப்பிக் கொடுக்க 15 டாலர் கட்டச் சொன்னார். அப்போதைய டெக்சஸ் கல்விச் சட்டம் அந்தத் தொகைவரை வாங்கிக்கொள்ள அனுமதித்தது. கட்டினேன். ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

"அவளை அழைத்தது நான்தான்" என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைப் பல முறை கேட்டிருக்கிறேன். என் ஆங்கிலம் அப்போது அந்த அறையில் வாய் திறக்கும் அளவுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அது முழுக் காரணம் இல்லை. எனக்குப் பயம். அப்பாவின் விசாவைப் பிடித்துக்கொண்டு இருந்த காலம். எதிர்த்துப் பேசினால் உன் பதிவேட்டில் ஏதாவது எழுதிவிடுவார்களோ, அது எங்கேயாவது போய் முட்டுமோ என்று நினைத்தேன். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான், 2015 செப்டம்பரில், பக்கத்தில் அர்விங்கில் ஒரு பதினான்கு வயதுப் பையன் தானே செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோனான். குண்டு மாதிரி இருக்கிறது என்று போலீசை வரவழைத்துக் கைவிலங்கு மாட்டினார்கள். பிறகு வழக்கு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டாலும், பள்ளி அவனை மூன்று நாள் நீக்கி வைத்தது. விலங்கோடு அவன் நின்ற படத்தைப் பார்த்த நாளில் அப்பா என்ன செய்தார் என்று உனக்கு நினைவிருக்கும். அறிவியல் கண்காட்சிக்காக நீ செய்து வைத்திருந்த மின்விளக்குச் சுற்றை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, "வேண்டாம்மா, அட்டையில் படம் வரைந்து கொண்டு போ" என்றார். அந்த அச்சம் எங்கள் இருவருக்குள்ளும் ஊறிப்போயிருந்தது. நிறமும் பெயரும் வேறாக இருக்கும் பிள்ளைக்கு விதிப் புத்தகம் ஒரு பிடி இறுக்கமாகவே பிடிக்கும் என்று நம்பினேன். இப்போதும் அதை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் உன்னிடம் சொல்ல எனக்கு யார் தடை? காரில் ஏறியதும் உன்னைத் திட்டினேன். "போனை அணைத்து வைக்கத் தெரியாதா? மானத்தை வாங்குகிறாயே" என்றேன். நீ தானே கூப்பிட்டாய் என்று நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாய். வந்ததும் அந்த ஆறிப்போன எலுமிச்சைச் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டாய். மறுநாள் அந்தத் தனி அறைக்குப் போனாய். என் தவறுக்கான தண்டனையை நீ அனுபவித்தாய், கண்ணு. அம்மாவை மன்னித்துவிடு.

இது எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்தது இந்த ஆண்டுதான். பள்ளி அலுவலக முகப்பில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் புதிய சட்டம் வந்த பிறகுதான் வாங்கி வைக்கும் போன்களெல்லாம் என் மேஜை இழுப்பறைக்கு வருகின்றன. டெக்சஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2025 ஜூன் 20 அன்று கையெழுத்திட்ட 1481ஆம் எண் மசோதாவை நீயும் பயிற்சி வகுப்பில் படித்திருப்பாய். மணி அடித்ததிலிருந்து கடைசி மணிவரை, சாப்பாட்டு நேரத்திலும் நடைவழியிலும்கூட, மாணவர்கள் சொந்த போனைத் தொடக்கூடாது. ஸ்மார்ட் வாட்ச், டேப்லெட் எல்லாம் அதில் அடக்கம். பேஜர்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. உன் மாணவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளி கொடுக்கும் லேப்டாப்புக்கு மட்டும் தடை இல்லை. போனைக் கொண்டுவரவே கூடாது என்று சொல்வதா, கொண்டுவந்து ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும் என்று சொல்வதா என்பதை அந்தந்தப் பள்ளி மாவட்டம் முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் பள்ளியில் பையிலேயே அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே எடுத்தால் ஆசிரியர் வாங்கி, ஒளி ஊடுருவும் ஜிப் பையில் போட்டு, பெயர் எழுதி, என்னிடம் அனுப்புவார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் மதியம். இழுப்பறைக்குள் ஏழெட்டு போன்கள் கிடந்தன. ஒன்று அதிர்ந்தது. அடங்கியது. இன்னொன்று அதிர்ந்தது. ஏதோ வண்டுக்கூட்டை மேஜைக்குள் பூட்டி வைத்தது போன்ற சத்தம். பென்சில் எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். ஒரு திரையில் "மாம்" என்று இருந்தது. இன்னொன்றில் ஸ்பானிய மொழியில் அம்மா. மூன்றாவது திரையில், தமிழ் எழுத்தில், "அம்மா".

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், படம் பார்க்கிறார்கள், அதனால்தான் இந்தச் சட்டம் என்று இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பகல் பதினோரு மணிக்கு ஒரு குழந்தையைக் கூப்பிடுவது பெரும்பாலும் யார்? எங்களைப் போன்றவர்கள்தான். "சாப்பிட்டாயா?" "மழை வருகிறது, குடை இருக்கிறதா?" "பாட்டி ஊரிலிருந்து பேசினாள்." இவ்வளவுதான் செய்தி. இதற்காக ஒரு குழந்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் குற்றவாளி மாதிரி எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து பைகளைக் குப்புறக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். அந்தத் திரையில் எனக்குப் பார்க்க எதுவும் இல்லை. நீயும் இந்த ஒன்றை மட்டும் என் பேச்சாக எடுத்துக்கொள். போனை வாங்கு, ஆனால் அதற்குள் எட்டிப் பார்க்காதே. யார் அனுப்பினார்கள், என்ன எழுதினார்கள் என்று ஒரு நொடிகூடப் பார்க்காதே. நியூ ஜெர்சியில் கழிவறையில் புகைத்ததாகப் பிடிபட்ட பதினான்கு வயதுப் பெண்ணின் கைப்பையைத் துழாவிய வழக்கில், 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சோதனையிடப் பள்ளிகளுக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை என்றது. ஆனாலும் தகுந்த காரணம் இருக்க வேண்டும் என்றது. கைதானவரின் போனைத் திறக்கப் போலீசுக்கே ஆணை வேண்டும் என்று 2014இல் சொன்னது. வகுப்பில் மணி ஒலித்தது என்பது போனை வாங்குவதற்கான காரணம். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைப் படிப்பதற்கான காரணம் இல்லை.

இன்னொன்று. உன் வகுப்பில் யார் யாருக்கு விலக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உன் மேஜைக்குள் வைத்துக்கொள். சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளை, உடல்நலக் குறையோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கு வசதி செய்துதரும் 504 திட்டத்தில் இருக்கும் பிள்ளை, மருத்துவரின் உத்தரவு வைத்திருக்கும் பிள்ளை ஆகியோருக்குச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. இங்கே ஒரு பையனுக்குச் சர்க்கரை நோய். கையில் ஒட்டிய சின்ன வில்லை அவன் ரத்தச் சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்புகிறது. குறைந்தால் போன் அலறும். செப்டம்பர் முதல் வாரத்தில், மாற்று ஆசிரியர் ஒருவர் விவரம் தெரியாமல் அந்த போனை வாங்கி என்னிடம் அனுப்பிவிட்டார். பையைப் பார்த்ததும் பெயரைப் படித்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். இந்த முட்டியோடு நான் ஓடியதை அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். பையன் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் முகத்தில் பயம் இருந்தது. "இது எனக்கு வேண்டும் என்று சொன்னேன், அவர் கேட்கவில்லை" என்றான். ஆசிரியரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது என்று அதற்குமேல் அவனும் பேசாமல் இருந்திருக்கிறான். எனக்கு 2017ஆம் ஆண்டு உன் முகம் ஞாபகம் வந்தது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்துச் சத்தம் இப்போது என் மேஜைவரை கேட்கிறது. போன ஆண்டு அங்கே ஐந்நூறு பிள்ளைகள் குனிந்த தலையோடு சாப்பிட்டார்கள். இப்போது சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

ஆனால் போனை வாங்க வரும் பெற்றோரில் ஒரு சிலர் கோபமாக வரவில்லை, பயந்து வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. போன மாதம் ஒரு தாய் என் முன்னால் நின்று "யுவால்டி" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அவ்வளவுதான். 2022 மே 24. அந்த டெக்சஸ் ஊரின் பள்ளியில் ஒருவன் சுட்டதில் இறந்தவர்கள் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும். உள்ளே இருந்த குழந்தைகள் 911க்கு அழைத்து உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்கள், போலீஸ் 77 நிமிடம் கழித்துத்தான் கதவைத் திறந்து உள்ளே போனது. அந்தத் தாயிடம் நான் என்ன விதியைக் காட்டுவேன்? 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓசையில்லாமல் உதவி கேட்கும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சொன்னேன். ஒளிந்திருக்கும்போது போன் ஒலித்தால் அதுவே ஆபத்து என்று பாதுகாப்புப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதையும் சொன்னேன். தலையாட்டினாள். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அவளுடைய பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. குறைந்தது அவளை உட்காரச் சொல்லி ஒரு தம்ளர் தண்ணீராவது கொடுத்தேன். 2017இல் எனக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை.

நாளை மாலை அந்தப் பெண்ணின் அம்மா வருவார்கள் என்று சொன்னாய். முதலில் அவர்களை உட்காரவை. பிறகு, மிரட்டாமல், யார் அழைத்தது என்று கேள். வேலை இடைவேளையில் கூப்பிட்ட அம்மாவாக இருக்கலாம், வேறு நாட்டிலிருந்து கூப்பிட்ட தாத்தாவாக இருக்கலாம். அப்படியானால் அதை அந்தப் பெண்ணின் முன்னாலேயே சொல்லச் சொல். "அழைத்தது நான், உன் மீது தவறில்லை" என்று அந்தப் பெண் தன் அம்மாவின் வாயால் கேட்கட்டும். விதிப்படி கொடுக்க வேண்டிய எச்சரிக்கையை நீ கொடுத்துக்கொள், அதில் நான் தலையிடவில்லை. அலுவலக எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடு. அவசரமானால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நாங்களே வகுப்புக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துவருவோம் என்று சொல். இங்கே அப்படி ஒரு சீட்டை நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்பானியத்தில் எழுத எங்கள் துப்புரவுப் பணியாளர் உதவினார். அதை வாங்கிப் போகிறவர்கள் பலரும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

உன் பழுப்பு உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. 15 டாலர் ரசீதும் அதற்குள்ளேயே இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக் காட்டுகிறேன். அப்பாவிடமும் நேற்றிரவுதான் நடந்ததை முழுதாகச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மின்விளக்குச் சுற்று பரணில்தான் இருக்கிறது, குழந்தை வந்ததும் கொடுத்துவிடலாம்" என்றார்.

இந்த ஆகஸ்டில் நீ வேலைக்குச் சேர்ந்த பிறகும் பகலில் நான்கைந்து முறை உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான். இனிமேல் கூப்பிட மாட்டேன். நாலரை மணிக்கு மேல், உனக்கு ஒழியும்போது, நீயே கூப்பிடு.

அன்புடன்,
அம்மா