‘கூறப்படுகிறது’ என்றால், யார் கூறியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்றபின் காரைக்குடியில் வார இறுதியில் நடந்த இதழியல் அறிமுக வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்த பிள்ளைகள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை முதல் நாளே கரும்பலகையில் எழுதினார்கள். நாற்பது வருடமாகப் பத்திரிகை படிக்கிறோம், இது தெரியாதா என்றுதான் அன்று நினைத்தேன்.

முதல் பயிற்சி, சொந்த ஊரைப் பற்றி 200 சொற்களில் ஒரு செய்தி. எங்கள் ஊருணியைப் பற்றி எழுதினேன். “நூறாண்டுகளாக வற்றாத ஊருணி பிளாஸ்டிக் குப்பையால் பாழாகிறது” என்று தொடங்கியிருந்தேன். ஆசிரியை ‘வற்றாத’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் “யார் சொன்னது?” என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் யாரும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படிக் கேட்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

சரி, கேட்டுவிடுவோம் என்று ஊருணிக் கரையில் போய் உட்கார்ந்தேன். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா குடத்தோடு வந்தார். “வத்தலையா? நான் கல்யாணமாகி வந்த ரெண்டாம் வருஷம் தரை வெடிச்சுல்ல கெடந்துச்சு. வீட்டுக்கு ஒரு ஆளு போயித் தூரு வாரினோம்” என்றார். பக்கத்திலிருந்த பெரியவர், வற்றியது உண்மைதான், ஆனால் வருடம் வேறு என்றார். இருவர் சொன்னதையும் அவரவர் பெயரோடு குறித்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பெரியவரே கையைப் பிடித்து அழைத்துப் போய் வரத்துக்காலைக் காட்டினார். பிளாட் போட்ட இடத்தில் அது மண்ணால் மூடிக் கிடந்தது. மழைத் தண்ணீர் ஊருணிக்கு வர வழியே இல்லை. நான் எழுதியிருக்க வேண்டிய செய்தி அதுதான். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து குப்பையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

என் தாத்தா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேரில்லாமல் ஒரு பற்றும் பேரேட்டில் ஏறாது என்பார். நம் செய்திகளில் மட்டும் ‘கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’ என்று பேரில்லாத பற்றுகள் தினமும் ஏறுகின்றன. தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தை இப்போது பென்சிலோடு படிக்கிறேன். ஒரே நாளில் பதினொரு ‘கூறப்படுகிறது’ எண்ணினேன். சொன்னவர் காவல் ஆய்வாளரா, டீக்கடையில் நின்றவரா என்று வாசகனுக்குத் தெரிய வேண்டாமா?

மறைக்க வேண்டிய பெயரும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. நான்கு தெரு உள்ள ஊரில் தெருவையும் தகப்பனார் தொழிலையும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டால், அந்தப் பிள்ளை அப்புறம் எப்படிப் பள்ளிக்கூடம் போகும்? இந்தப் பாடம் நடந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்திரிகை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழறிஞர் ராய. சொ. (ராய. சொக்கலிங்கம்) ஆசிரியராக இருந்த ‘ஊழியன்’ இதழ் காரைக்குடியிலிருந்துதான் வந்தது. புதுமைப்பித்தன் அங்கே சில காலம் வேலை பார்த்திருக்கிறார். எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய புத்தகங்களோடு இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். சென்னையில் அவர் பெயரில் இயங்கும் நூலகத்தில் இன்று ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். நாளைக்கு நம் பத்திரிகையையும் யாராவது இப்படிப் புரட்டுவார்கள். ‘வற்றாத ஊருணி’ அச்சேறியிருந்தால் அதுவும் வரலாறாகியிருக்கும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். சொன்னவர் யாரென்று செய்தியாளர்களை எழுதச் சொல்லுங்கள். தவறு நேர்ந்தால், அது வந்த அதே பக்கத்தில் கண்ணில் படும் அளவில் திருத்தம் போடுங்கள்.

ஊருணிச் செய்தியை மூன்றாம் முறை திருத்தி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பேசிய இருவரின் செல்பேசி எண்களும், அவர்கள் சம்மதத்தோடு, தனித்தாளில் இருக்கின்றன. வெளியிடுவதற்கு முன் அவர்களை ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

தங்கள் வாசகன்,
கோட்டையூர்.