அவரவர் குப்பையை அவரவர் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமீபத்தில் கடற்கரையைச் சுத்தம் செய்ததாக ஒரு படம் உங்கள் பேப்பரில் பார்த்தேன். மூன்று மதத்துப் பெரியவர்களும் கையுறை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு சாக்கைப் பிடித்தபடி நிற்கிறார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் அள்ளுவதற்கு ஒன்றுகூடுகிறவர்கள் போடாமல் இருப்பதற்கு ஏன் ஒன்றுகூட மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் ராமேசுவரம் ஓலைக்குடாக்காரன், நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவன். போன ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் விடியற்காலையில் வலையை இழுத்தால் கனமாக வந்தது, சரி இன்றைக்கு நல்ல பாடு என்று நானும் மச்சானும் சந்தோஷமாக இழுக்கிறோம், வந்தது இரண்டு சேலை, ஒரு பேன்ட், முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிட்ட ஒரு துண்டு. வலையில் ஆறேழு முழம் போய்விட்டது. நண்டு? கறிக்குக்கூடத் தேறவில்லை.

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை அப்படியே கடலில் விட்டால் பாவமும் அதோடு போய்விடும் என்று நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். துப்புரவுப் பணியாளர்கள் தினமும் அள்ளத்தான் செய்கிறார்கள். வாடைக் காற்றில் பாதிக்கு மேல் கரைக்கே திரும்பிவிடும், அவர்கள் கைக்கும் அகப்படும். ஆடியில் அடிப்பது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று, துணியை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும், அப்புறம் அது எங்கள் வலைக்குத்தான் வரும். அந்தக் காலத்துப் பருத்தி வேட்டி என்றால் நாளாவட்டத்தில் மக்கிப்போயிருக்கும். இப்போது வருவதெல்லாம் பாலியஸ்டர். அடியில் போய், அங்கே புல் மாதிரி வளர்கிற கடல்தாழை மேல் விரித்துப்போட்ட மாதிரி கிடக்கிறது. வெயில் படாத தாழை அழுகும், தாழை போனால் அதற்குள் ஒளிந்து வளர்கிற நண்டுக் குஞ்சும் இறாலும் போகும். கடல்பசு தின்பதும் பேராமை தின்பதும் அதே தாழையைத்தான். பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகத்தை 2022-ல் அரசாங்கம் அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். கடலுக்கு மாவட்ட எல்லை எல்லாம் தெரியாது.

இதுவரை படித்துவிட்டு யாராவது, ஒரு கிறிஸ்தவன் இந்துக்கள் குளிப்பதைக் குறை சொல்கிறான் என்று நினைத்திருந்தால், நான் சொல்ல வந்ததே அதுதான். நான் சொன்னால் அப்படித்தான் ஆகும். துணியைப் பற்றி நான் பேசினால் மதச் சண்டை, ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் பிறகு கிடக்கிற பிரியாணித் தட்டைப் பற்றி ஓர் இந்து பேசினால் மதச் சண்டை. எங்கள் தேர்த் திருவிழாவில் பறக்கிற பிளாஸ்டிக் தோரணம் பற்றி ஒரு பாய் பேசிவிட்டால் நாங்கள் சும்மா இருப்போமா? அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிற படகில் தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலைக் கடலில் எறிந்தவன்தான், ஒரு தடவை இல்லை, பல தடவை. திருப்பலியில் முட்டிபோட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும் எறிந்திருக்கிறேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் பூமியைப் பாதுகாப்பது பற்றியே ஒரு முழுச் சுற்றுமடல் எழுதினார். அது எங்கள் படகு வரைக்கும் வந்து சேரவில்லை.

ஆகவே என் யோசனை இது. குப்பையைப் பற்றி அவரவர் ஆட்களிடம் அவரவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் பேசட்டும், தூய்மை ஈமானில் பாதி என்று அவர்கள் எப்போதும் சொல்வதுதானே. ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் ஃபாதர் பாட்டிலைப் பற்றிப் பேசட்டும். அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் செய்து வைக்கிற புரோகிதர், "துணியைக் கடலில் விட வேண்டாம், கரையில் இந்தக் கூடையில் போடுங்கள், அதுவே போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். நகராட்சி போர்டை யாரும் படிப்பதில்லை. காசியிலிருந்து வருகிறவருக்குத் தமிழ் போர்டு என்ன புரியும்? எள்ளும் தண்ணீரும் கையில் வாங்கி நிற்கிற நேரத்தில் புரோகிதர் சொல்வதை மீறி ஒருத்தரும் துணியை விட மாட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை, எங்கள் வலையில் இன்னமும் கேரிபேக் வருகிறது. சட்டம் போட்ட கதை இது. சாமி சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே.

நடக்குமா என்று கேட்பீர்கள். இதே கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பிரித்துக்கொண்டது யார்? நாங்கள்தான். அடிதடி எல்லாம் ஆகித்தான் அந்த ஏற்பாடு வந்தது, அதில் யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. கலாம் ஐயா குடும்பம் சீதா ராமர் கல்யாணத் திருவிழாவுக்குப் படகு ஏற்பாடு செய்து கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். மத ஒற்றுமைக் கூட்டம் என்றால் மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அவர்கள் செய்தது வேலை ஐயா, பேச்சு இல்லை.

கோயில், தர்கா, பங்குப் பேரவை மூன்று பக்கத்திலும் இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த ஆடி அமாவாசைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். மேடை வேண்டாம், போட்டோ வேண்டாம். கரையில் வைக்கிற கூடைகளை நாங்கள் பழைய வலையில் பின்னித் தருகிறோம், கிழிந்த வலைக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவன்,
ஓலைக்குடா, ராமேசுவரம்.