கரகரப்பு தட்டில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நேரலை ராக் ஆல்பங்கள் பட்டியலில் தி ஹூ என்ற ஆங்கில ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பத்துக்கு இரண்டே வரிகள் ஒதுக்கியிருந்தீர்கள். ஒன்று, பதினான்கு பாட்டுகள் கொண்ட இந்தப் பதிவு கரகரப்பானது. மற்றது, நான்கு பேரும் கட்டுப்பாடில்லாமல் எழுப்பிய சத்தம்தான் அதன் அழகு. முதல் வரி பாதி சரி. இரண்டாவது முழுத் தவறு. இந்த ஆல்பத்தை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதில் கேட்பது கட்டுப்பாட்டைத்தான்.

கரகரப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் நடந்த கச்சேரியை எட்டுத் தனித்தனிப் பாதைகள் (டிராக்) கொண்ட நாடாவில் பதிவு செய்தார்கள். கேபிள் ஒன்று சரியில்லாததால் 'டிக் டிக்' என்ற ஒலி நாடாவிலேயே ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் அதை எடுக்க நல்ல வழி கிடையாது. சத்தம் இருக்கும் துண்டை வெட்டினால் தாளமும் சேர்ந்து வெட்டுப்படும். மேல்சுருதி ஒலிகளைக் குறைத்தால் டிரம்ஸின் உலோகத் தகடான சிம்பலின் ஒலி மங்கிப்போகும். அதனால் அப்படியே விட்டுவிட்டு, எல்.பி. இசைத்தட்டின் நடுவில் இருக்கும் லேபிளில் கையெழுத்திலேயே எழுதிவிட்டார்கள்: கரகரப்பு இருந்தால் பரவாயில்லை, திருத்த வேண்டாம் என்று. பழைய தட்டு வாங்கிய பலர் இந்த ஒரு வரியைப் படிக்காமல் கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

உங்களிடம் இருக்கும் பிரதியில் கேட்பது கேபிளா கீறலா என்று கண்டுபிடிப்பது எளிது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. கீறல் என்றால் அதே இடைவெளியில் திரும்பத் திரும்பத் தட்டும். கேபிள் சத்தத்துக்கு அந்த ஒழுங்கு இருக்காது. ஆனால் எந்தப் பிரதியில் போட்டாலும் பாட்டின் அதே இடத்தில்தான் வரும். தூசி என்றால் துடைத்துவிட்டுப் போட்டால் இடம் மாறும், அல்லது காணாமல் போகும்.

இன்னொரு கோளாறும் உண்டு, அதற்கு லீட்ஸ் பொறுப்பல்ல. முதல் பக்கம் சுமார் 15 நிமிடம், இரண்டாம் பக்கம் சுமார் 22 நிமிடம். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'மேஜிக் பஸ்' தட்டின் உள்வட்டத்தில் வந்து விழுகிறது. உள்ளே போகப் போக ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் குறையும். அதே ஒலி குறைந்த நீளத்துக்குள் நெருக்கிப் பதிந்திருக்கும். தேய்ந்த ஊசியாலோ கோணம் சரியாக வைக்காத கார்ட்ரிட்ஜாலோ (ஊசியைத் தாங்கும் பகுதி) அதைப் பின்தொடர முடியாது. மவுத் ஆர்கன் கிழிந்து கேட்கும். தட்டு தேயக் கூடாது என்று ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்னதற்கும் கீழே குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊசி பள்ளத்துக்குள் குதித்துச் சுவரைச் சேதப்படுத்துவது அப்போதுதான். சொன்ன எடையையே வையுங்கள்.

இனி அந்த 'கட்டுப்பாடில்லாத சத்தம்'. முதல் பாட்டான 'யங் மேன் புளூஸ்' போதும், வேறு சாட்சி வேண்டாம். மோஸ் அலிசன் 1950களில் பியானோவோடு அடக்கமாகப் பாடிய சின்னப் பாட்டு அது. லீட்ஸில் பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைத் துணையே இல்லாமல் பாடுகிறார். வரி முடிந்ததும் மற்ற மூவரும் வாத்தியங்களில் ஒன்றாக இறங்குகிறார்கள். உடனே ஒன்றாக நிறுத்துகிறார்கள். அந்த நிறுத்தத்தைக் கவனியுங்கள். கிட்டார் வாசிக்கும் பீட் டவுன்ஷெண்டின் கையில் இருந்தது கிப்சன் எஸ்.ஜி. ஸ்பெஷல், கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் அதன் பி-90 பிக்கப் ஒற்றைச் சுருள் வகை, தானாகவே ரீங்கரிக்கும். பின்னால் 100 வாட் ஹைவாட் ஒலிபெருக்கிகள் (ஆம்ப்). அந்தச் சத்த அளவில் கம்பியிலிருந்து கையை எடுத்தால் அமைதி வராது, ஊளைதான் வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பியை அழுத்தி அடக்க வேண்டும், பேஸ் என்ற கீழ்ச்சுருதிக் கிட்டாரும் அடங்க வேண்டும், சிம்பலையும் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில். கட்டுப்பாடில்லாதவர்களால் நடக்கிற காரியமா இது?

பேஸைத் தவிர, குழுவில் கிட்டார் ஒன்றுதான். டவுன்ஷெண்ட் பெரும்பாலும் முழு ஸ்வரக்கட்டுகளை அடித்துத் தாளம் காக்கிறார். மெட்டின் ஓட்டம் ஜான் என்ட்விசிலின் பேஸில் போகிறது. அது சாத்தியமானதற்குக் கம்பியும் ஒரு காரணம். அதுவரை பேஸில் புழக்கத்தில் இருந்தது தட்டையாகச் சுற்றிய கம்பி, மந்தமாக ஒலிக்கும். 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனம் என்ட்விசிலோடு சேர்ந்து உருட்டுச் சுற்றுக் கம்பியைச் சரிசெய்தது. அதில் பியானோவின் கீழ்க்கம்பிகளைப் போன்ற உலோகத் தெளிவு வரும். லீட்ஸ் பதிவில் பேஸ் அடித்தளமாக மட்டும் கிடக்காமல் இரண்டாவது கிட்டாராகவே எழுந்து நிற்பது இதனால்தான்.

டிரம்ஸ் வாசிக்கும் கீத் மூன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர் அல்ல. பாட்டுக்கு வாசிக்கும் மிருதங்கக்காரரைப் போல, பாடகர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறாரோ அங்கே நிரப்புகிறார். ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலில் சீராக எண்ணிக்கொண்டே போகும் வழக்கமான முறையை அவர் அதிகம் நம்பியதில்லை. எண்ணும் வேலையை கிட்டார் எடுத்துக்கொண்டதால் டிரம்ஸுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது. யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் இந்த ஆல்பம் காதில் பிரியும்.

பிரித்துக் கேட்க ஒரு வழி இருக்கிறது. பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் மேடையில் இடப்பக்கம் என்ட்விசில், வலப்பக்கம் டவுன்ஷெண்ட் நிற்பார்கள். டிராக்குகளை ஒன்றாகச் சேர்த்த கலவையிலும் பேஸும் கிட்டாரும் எதிரெதிர் பக்கங்களில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரில் பேலன்ஸ் குமிழைப் பேஸ் பக்கம் முழுக்கத் திருப்பி 'ஷேக்கிங் ஆல் ஓவர்' ஒரு முறை கேளுங்கள். பிறகு மறுபக்கம் திருப்பி அதையே கேளுங்கள். மூன்றாவது முறை நடுவில் வைத்தால், இரண்டு பேரும் எங்கே ஒருவருக்கொருவர் வழிவிடுகிறார்கள் என்று தெரியும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள புளூடூத் பெட்டியில் இந்த ஆல்பத்தைப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகக் குழைந்து, உங்கள் கட்டுரையாளர் சொன்ன சத்தம்தான் மிஞ்சும்.

1970இல் வந்த தட்டில் ஆறே பாட்டுகள். 'யங் மேன் புளூஸ்', 'சப்ஸ்டிட்யூட்', 'சம்மர்டைம் புளூஸ்', 'ஷேக்கிங் ஆல் ஓவர்' ஒரு பக்கம். 'மை ஜெனரேஷன்', 'மேஜிக் பஸ்' மறுபக்கம். ஆறில் மூன்று பிறருடைய பாட்டுகள். அன்றிரவு நடந்த கச்சேரி இதைவிட மிக நீளம்: 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று தொடங்கி, 'எ குயிக் ஒன்' என்ற குட்டி ஓபரா (கதை சொல்லும் பாட்டுத்தொடர்) முடிந்து, 1969இல் வெளியான 'டாமி' ஓபராவையும் கிட்டத்தட்ட முழுதாக வாசித்துவிட்டுத்தான் கடைசி நான்கு பாட்டுகளுக்கு வந்தார்கள். தட்டில் இருப்பது 'டாமி'க்கு முன்பு வாசித்த இரண்டும், அதற்குப் பின் வந்த அந்த நான்கும். ஸ்டுடியோவில் சுமார் மூன்று நிமிடமாக இருந்த 'மை ஜெனரேஷன்' இங்கே பதினான்கு நிமிடத்தைத் தாண்டுகிறது. நடுவில் 'டாமி'யின் இறுதி வரிகள் வந்து போவதற்கு, அவர்கள் சற்று முன்புதான் அந்த ஓபராவை வாசித்து முடித்திருந்தார்கள் என்பதே விளக்கம். தட்டை மட்டும் கேட்பவருக்கு அந்த வரிகள் எங்கிருந்தோ குதித்தது போல இருக்கும். 'மேஜிக் பஸ்'ஸில் நெடுநேரம் ஒரே ஸ்வரத்தை வாசிக்க வேண்டியிருந்ததால் என்ட்விசிலுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது என்பது ரசிகர்களுக்கு ஊரறிந்த விஷயம். இருந்தும் அந்த ஒற்றை ஸ்வரம் தளரவில்லை.

மறுநாள் பிப்ரவரி 15, இங்கிலாந்தின் ஹல் நகர மண்டபத்திலும் பதிவு செய்தார்கள். கூடம் ஹல்லில்தான் நன்றாக ஒலித்தது என்பார்கள். ஆனால் அந்த நாடாவில் முதல் சில பாட்டுகளுக்கு பேஸ் பதிவாகவில்லை. பேஸ் இல்லாத ஹூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படித்தான் லீட்ஸ் வென்றது. 2010இல் நாற்பதாம் ஆண்டுப் பெட்டியில் ஹல் கச்சேரி வெளிவந்தபோது, அந்தப் பாட்டுகளுக்கு லீட்ஸ் பேஸை எடுத்துப் பொருத்தினார்கள். இரண்டு இரவுகளின் வேகம் அவ்வளவு நெருக்கமாக இல்லாவிட்டால் அந்த ஒட்டுவேலை நடந்திருக்காது. லீட்ஸும் நூறு சதவீதம் தொடாத பதிவு அல்ல. பின்னணிக் குரல்கள் சரியாகப் பிடிபடாததால் டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் பிறகு ஸ்டுடியோவில் அவற்றைப் பாடிச் சேர்த்தார்கள். வாத்தியங்களைப் பொறுத்தவரை அன்றிரவு வாசித்ததுதான்.

இந்த இரண்டு கச்சேரிகளும் நடந்ததற்கே ஒரு பின்கதை உண்டு. 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணம் முழுக்க ஒலிக்கலைஞர் பாப் பிரிடன் நாடாக்களில் பதிந்து வைத்திருந்தார். அத்தனையையும் உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்க டவுன்ஷெண்டுக்குப் பொறுமையில்லை. திருட்டுப் பதிப்பாளர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லிவிட்டார். பிரிடன் எரித்தும் விட்டார். அந்த ஒரு முடிவை ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை.

அட்டையும் திருட்டுப் பதிப்புகளைக் கிண்டல் செய்வதுதான். வெறும் பழுப்பு அட்டை, அதன்மேல் ரப்பர் முத்திரை குத்தியதுபோல் பெயர். முத்திரை கறுப்பு, நீலம், சிவப்பு என்று நிறம் மாறும். விரிக்கும் அட்டையின் ஒரு பக்கத்தில் தட்டு, மறுபக்கத்தில் 12 தாள்கள்: லண்டன் மார்க்கீ கிளப் சுவரொட்டி, 'மை ஜெனரேஷன்' பாட்டின் தட்டச்சுப் பிரதி, வுட்ஸ்டாக் இசைவிழா ஒப்பந்தத்தின் நகல், புகைக்குண்டு வாங்கிய ரசீது இப்படி. பழைய பிரதி வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் தாள்களை எண்ணிப் பாருங்கள். உறையிலிருந்து முதலில் தொலைவது அவைதான். பிற்காலத்தில் அச்சிட்ட தாள்களைச் செருகி முழுத் தொகுப்பு என்று விற்பவர்களும் உண்டு. அட்டை ஐம்பது வருடம் பழுத்திருக்க, தாள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் யோசியுங்கள்.

எந்தப் பதிப்பை வாங்குவது? 1995 சிடியில் 14 பாட்டுகள், மறுகலவை, கரகரப்பைக் கணினியில் நீக்கியிருக்கிறார்கள். ஒரே சிடிதான் வாங்க முடியும் என்றால் அதுவே. 2001இல் வந்த இரட்டை சிடியில் அன்று வாசித்த 'டாமி' முழுதாக இருக்கிறது; ஆனால் அதைத் தனியாகப் பிரித்து இரண்டாம் சிடியில் போட்டுவிட்டார்கள், கச்சேரி நடந்த வரிசை அதுவல்ல. வரிசைப்படி கேட்க வேண்டுமானால் முதல் சிடியில் 'எ குயிக் ஒன்' முடிந்ததும் நிறுத்தி, இரண்டாம் சிடியை முழுக்கக் கேட்டு, மறுபடி முதலாவதற்கு வந்து 'சம்மர்டைம் புளூஸ்'ஸிலிருந்து தொடர வேண்டும். ஃபோனில் கேட்பவர்கள் பட்டியலை இதே வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். ஆனாலும் முதன்முறை கேட்பவருக்கு நான் சொல்வது பழைய ஆறு பாட்டு வரிசைதான். நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீளமான பெட்டியோடு தொடங்கியவர்கள் பாதியிலேயே களைத்துப்போய், பிறகு எடுப்பதே இல்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஆல்பத்தின் பெயரோடு எந்த ஆண்டுப் பதிப்பைக் கேட்டு எழுதினீர்கள் என்பதையும் அச்சிடுங்கள். உங்கள் கட்டுரையாளர் கரகரப்பைக் குறை சொல்லிவிட்டு, பாட்டுகள் பதினான்கு என்றும் எழுதியிருக்கிறார். பதினான்கு பாட்டு உள்ள சிடியில் அந்தக் கரகரப்பு இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.