பெயராலே ஒரு வருடம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. ரோமில் கேபிட்டலைன் அருங்காட்சியகத்தில் நீ எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "சுவர் முழுக்கப் பெயரா இருக்கே, யாருப்பா இவங்க?" என்று கேட்டிருந்தாய். அவைதான் பழைய ரோமானியர்களுடைய வருடங்கள்.

அன்றைய ரோமில் ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், அதாவது ஆட்சித் தலைவர்கள், பதவிக்கு வருவார்கள். அந்த இருவர் பெயர்தான் வருடத்துக்கும் பெயர். நாம் கி.மு. 59 என்பது அவர்களுக்கு 'சீசரும் பிபுலஸும் கான்சல்களாக இருந்த ஆண்டு'. அதிலும் ஒரு கூத்து. சீசரோடு முட்டிக்கொண்ட பிபுலஸ், வானத்தில் சகுனம் பார்க்கிறேன் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஊரார் அதை 'ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருந்த ஆண்டு' என்று கேலி பேசினார்கள்!

அம்மா ஊறுகாய் ஜாடியில் தேதி எழுதி ஒட்டுவாளே, அதுபோல அவர்கள் மது ஜாடியில் கான்சல் பெயரை எழுதினார்கள். ஒப்பிமியஸ் கான்சலாக இருந்த கி.மு. 121இல் வெயில் நன்றாகக் காய்ந்து, திராட்சை அருமையாகப் பழுத்தது. 'ஒப்பிமியன்' என்றாலே உசத்தி. ஏறக்குறைய 200 வருடம் கழித்து பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதும்போதும் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என்ன, தேன் மாதிரி கெட்டியாகி, ருசி கரகரத்துப் போயிருந்தது.

பெயர் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குக்குத்தான் ஆகாது. ஒப்பிமியஸுக்கும் பிபுலஸுக்கும் நடுவே எத்தனை வருடம்? நாம் 121இல் 59 போக 62 என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அவர்கள் பட்டியலை எடுத்து ஜோடி ஜோடியாக எண்ண வேண்டும். நீ படமெடுத்தது அப்படி ஒரு பட்டியல்தான், முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் பளிங்கில் வெட்டியது. நகரம் தோன்றிய நாளிலிருந்து எண்ணும் கணக்கும் உண்டு. வாரோ என்ற ரோமானிய அறிஞர் சொன்னபடி அந்த நாள் கி.மு. 753இல். ஆனால் அது படித்தவர்கள் கணக்கு, கடைவீதியில் செல்லாது.

கி.பி. 541இல் பசிலியஸ் என்ற கான்சலோடு இந்த வரிசை ஏறக்குறைய நின்றுபோனது. பேரரசரைத் தவிர வேறு யாரும் அப்புறம் கான்சல் ஆகவில்லை. 'பசிலியஸுக்குப் பின் இத்தனையாவது ஆண்டு' என்று அவர் பெயரை வைத்தே பல வருடம் ஓட்டினார்கள்.

சரி, அடுத்த முறை போனால் அந்தச் சுவரில் சீசரின் தளபதி மார்க் ஆன்டனியின் பெயரைத் தேடு. அதை ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு அங்கேயே திரும்ப வெட்டினார்கள். கல் அந்த இடத்தில் பள்ளமாக இருக்கிறதா என்று பார்த்து, கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போடாதே.

அன்புடன்,
அப்பா