ஊசி மட்டும்தானா ஜாஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மும்பையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஜாஸுக்கு அரைப் பக்கம் ஒதுக்குவதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க யார் எந்த வயதில் எந்தப் போதையில் செத்தார் என்ற கணக்குதான். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 34 வயதில் போனதும், உடலைப் பார்த்த மருத்துவர் வயது 50-க்கு மேல் இருக்கும் என்று நினைத்ததும் உண்மைதான். சரி, இந்த மனிதர்கள் பிழைப்பை எப்படி ஓட்டினார்கள் என்று ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க வேண்டுமென்றால் போலீசிடம் கைரேகை கொடுத்து ஒரு அட்டை வாங்க வேண்டும். 1940 முதல் 1967 வரை இப்படித்தான். போதை வழக்கு வந்தால் அட்டை போச்சு. பாடகி பில்லி ஹாலிடே போதை வழக்கில் 1947-இல் சிறைக்குப் போய் அடுத்த வருஷம் வெளியே வந்ததும் கார்னகி ஹால் என்ற பெரிய அரங்கில் பாடினார், கூட்டம் அலைமோதியது, ஆனால் அதே ஊரில் ஒரு சின்ன கிளப்பில் பாட அவருக்கு அனுமதி இல்லை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951-இல் நண்பர் பட் பவலோடு இருந்தபோது போதை வழக்கில் பிடிபட்டார், நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் 1957 வரை அட்டை இல்லாமல் கிடந்தார். கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிக்காதே, வருஷத்துக்கு ஒரு தரம் சபாவில் மட்டும் வாசி என்று ஒரு நாகஸ்வரக்காரரிடம் சொன்னால் அவர் வீட்டில் உலை கொதிக்குமா?

அப்புறம் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ். 1959-இல் அவர் 'காணாமல் போனார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கும் போகவில்லை சார், பாலத்தின் மேல்தான் இருந்தார். புகழின் உச்சியில் இருந்தபோதே தன் வாசிப்பு தனக்குப் போதவில்லை என்று மேடையை விட்டவர், வீட்டில் சாதகம் செய்தால் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொந்தரவாகும் என்று பக்கத்திலேயே இருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போய், கீழே படகும் பக்கத்தில் ரயிலும் போக, வெயிலோ குளிரோ, மணிக்கணக்கில் வாசித்தார். 1961 வரைக்கும் இதே கதை. நம் பக்கத்தில் இதற்கு அசுர சாதகம் என்று பெயர். இத்தனைக்கும் அவர் ஹெராயினில் விழுந்தவர், சிறைக்கும் போனவர், 1955-இல் கென்டக்கியில் ஒரு அரசு மருத்துவமனையில் சேர்ந்து அதிலிருந்து மீண்டவர். உங்கள் கட்டுரையில் விழுந்தது மட்டும் இருக்கிறது.

இன்னொன்று, இது மும்பைப் பத்திரிகைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1960-களின் கடைசியில் ராலின்ஸ் நம் பவாய்க்கு வந்து ஒரு ஆசிரமத்தில் சில மாதம் தங்கினார். உட்கார்ந்தால் தியானம் வரவில்லை என்று சொன்னவரிடம், நீ வாசிப்பதே தியானம்தான் என்று அங்கிருந்த சுவாமி சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று பவாயில் ஒரு பிளாட்டுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

1978-இல் இங்கே நடந்த ஜாஸ் யாத்ரா இசை விழாவுக்கு ராலின்ஸ் மறுபடி வந்தார். எனக்கு அப்போது 19 வயது, மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து தோபி தலாவில் இறங்கி ரங் பவன் திறந்தவெளி அரங்குக்கு ஓடினேன். ஜாஸ் எனக்கு ஒன்றும் புரியாது, நண்பனிடம் ஒரு டிக்கெட் மீதி இருந்தது, அவ்வளவுதான். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினேன், மற்றவர்கள் வாத்தியங்களை நிறுத்திவிட்டார்கள், மனிதர் மட்டும் விடவில்லை, மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே தனியாக ஊதித் தள்ளுகிறார். பக்கத்தில் இருந்த பார்சிக்காரர் என் கையைப் பிடித்து இறக்கினார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தை நான் கேட்டதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கட்டுரைக்கு மேலே ஊசியும் சாக்ஸபோனும் சேர்ந்த மாதிரி ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஊசி சரியாக இருந்தது. சாக்ஸபோன் என்று போட்டது டிரம்பெட்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகர், மும்பை